டில்லிக் கணக்கும் நம் மளிகை லிஸ்டும்



2025 பிப்ரவரி முதல் தேதி, சனிக்கிழமை. காலை 11 மணிக்குள் அடுப்படி வேலையை முடித்துவிட வேண்டும் என்று பரபரத்துக் கொண்டிருந்தேன். காரணம், பட்ஜெட்! அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் காகிதமும் பேனாவுமாக டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டால், காபி கேட்பதற்குத் தவிர வேறு எதற்கும் வாய் திறக்க மாட்டார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் இந்தப் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை.

"பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வருமான வரி கிடையாதாம்!" என்று அவர் கூவிக் கொண்டிருந்தபோது எதிர் வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். சின்னப் பெண். கணவனுக்கு ஜவுளிக்கடையில் வேலை.

"அக்கா, சோப்பு, பேஸ்ட் எல்லாம் ராத்திரியே விலை ஏறிடுமாமே? நாலு வாங்கிப் போட்டுடவா?"

"உட்கார். கேட்டுட்டுத்தான் போயேன்" என்றேன்.

"ஐயோ, எனக்கெதுக்கு அக்கா? எங்க வீட்டுல மாசச் சம்பளமே பதினெட்டாயிரம். பன்னெண்டு லட்சத்துக்கும் எங்களுக்கும் என்ன இருக்கு? அதோட, அவங்க சொல்றாங்க, 'அடுப்பு எரியுதா, அதைப் பாரு. நாட்டுக் கணக்கு உனக்கெதுக்கு'ன்னு."

சிரித்துக் கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. இதே வார்த்தைகளை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுத் தலையாட்டியும் இருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன். அன்றைக்கு அவளை உட்கார வைத்துச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. பட்ஜெட், பட்ஜெட் என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறோமே, நம் அரசியல் சாசனத்தில் அந்தச் சொல்லே கிடையாது! 112ஆவது பிரிவு இதை 'ஆண்டு நிதிநிலை அறிக்கை' என்றுதான் சொல்கிறது. சர்க்காருக்கு வருகிற வரி, வாங்குகிற கடன் எல்லாம் 'தொகுப்பு நிதி' என்ற ஒரே பெட்டியில் போய் விழுகின்றன. அந்தப் பெட்டியின் சாவி மந்திரிகள் கையில் இல்லை. பார்லிமென்ட் சட்டம் போட்டு அனுமதி கொடுத்தால்தான் அதிலிருந்து பணம் எடுக்கலாம். சட்டம் இல்லாமல் வரி போடவும் கூடாது. ஆகவே ஒவ்வொரு வருஷமும் இரண்டு மசோதாக்கள் நிறைவேற வேண்டும். வரவுக்கு நிதி மசோதா, செலவுக்கு நிதி ஒதுக்கீட்டு மசோதா.

ஒவ்வொரு இலாகாவும் எனக்கு இவ்வளவு வேண்டும் என்று கேட்பதற்குப் பெயரே 'மானியக் கோரிக்கை'. கோரிக்கை என்றால் கேட்பதுதானே? பட்ஜெட் நாளில் நிதியமைச்சர் படிப்பது, சபையின் முன் வைக்கிற ஒரு பெரிய விண்ணப்பம். அனுமதி கிடைக்க மார்ச் கடைசி ஆகிவிடும். இடையில் இரண்டு மாதம் இருக்கிறது. நாம்தான் முதல் நாளே டி.வி.யை அணைத்துவிட்டு, "எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று எழுந்து விடுகிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன், 2016 வரைக்கும்.

என் தங்கை ஒரு தனியார் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள். கணவர் இல்லை. ஒரே மகள். பிராவிடண்ட் ஃபண்ட் பணம்தான் அவளுக்கு இருந்த ஒரே தைரியம். அந்த வருஷம் பிப்ரவரி 29ஆம் தேதி பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு பிராவிடண்ட் ஃபண்டில் சேரும் பணத்தில், ஓய்வு பெறும்போது 40 சதவீதத்துக்குத்தான் வரி விலக்கு. மீதி 60 சதவீதத்தை மாதா மாதம் பென்ஷன் தரும் திட்டத்தில் போடாமல் கையில் வாங்கினால் வரி கட்ட வேண்டும் என்றார்கள்.

ராத்திரி தங்கை போன் செய்தாள். "அக்கா, பொண்ணு கல்யாணத்துக்குன்னு இதை நம்பித்தானே இருக்கேன்..." அதற்கு மேல் பேச முடியவில்லை அவளால். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சர்க்காரே சொல்லியாச்சு. நாம என்னடி பண்ண முடியும்?" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அவள் ஆபீஸில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினார்கள். நாடு முழுக்கச் சம்பளக்காரர்கள் இதையே பேசினார்கள். தொழிற்சங்கங்கள் கட்சி வித்தியாசமில்லாமல் எதிர்த்தன. பார்லிமென்டிலும் கேள்வி எழுந்தது. மார்ச் 8ஆம் தேதி நிதியமைச்சர் லோக்சபாவில் எழுந்து, அந்த யோசனையை வாபஸ் வாங்கிக் கொள்வதாக அறிவித்தார். எட்டே நாள்! தேதியையும் பாருங்கள், மகளிர் தினம்.

தங்கை மறுபடியும் போன் செய்தாள். "ஒண்ணும் பண்ண முடியாதுன்னியே அக்கா?" என்றாள். அன்றைக்குத்தான் இந்த விஷயத்தை அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தேன்.

இந்தச் சமையலுக்கு உலை வைப்பது எப்போது தெரியுமோ? முந்தின வருஷம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலேயே! நிதி அமைச்சகத்திலிருந்து எல்லா இலாகாக்களுக்கும் சுற்றறிக்கை போகும். போன வருஷம் எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள், வரும் வருஷம் எவ்வளவு வேண்டும் என்று எழுதி அனுப்ப வேண்டும். பிறகு மாதக்கணக்கில் பேரம். பத்து கேட்டால் ஆறு கிடைக்கும் என்று தெரிந்து பன்னிரண்டு கேட்கிற சாமர்த்தியம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமா இருக்கிறது? "போன தடவை கொடுத்ததையே முழுசாகச் செலவழிக்கவில்லையே" என்று நிதி அமைச்சகம் மடக்கும். விவசாயிகள், தொழிலதிபர்கள், தொழிற்சங்கங்கள், பொருளாதார நிபுணர்கள் என்று ஒவ்வொரு தரப்பாரையும் நிதியமைச்சர் கூப்பிட்டுக் கேட்பார். மாநில நிதியமைச்சர்களும் தங்கள் லிஸ்டோடு வருவார்கள்.

கூட்டணி அரசு என்றால் பேரத்தின் சூடு இன்னும் கூடும். 2024 தேர்தலில் ஆளுங்கட்சிக்குத் தனித்துப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆந்திரத்திலும் பீகாரிலும் இருந்த கூட்டணிக் கட்சிகளின் ஆதரவு தேவைப்பட்டது. அந்த ஜூலை 23ஆம் தேதி பட்ஜெட்டில், ஆந்திரத் தலைநகருக்கு 15,000 கோடி ரூபாய் ஏற்பாடு செய்வதாகவும், பீகார் சாலைகளுக்கு 26,000 கோடி என்றும் அறிவிப்பு வந்தது. தமிழ்நாடு உட்பட வேறு சில மாநிலங்கள், "எங்கள் பெயரே வரவில்லையே" என்று குறைப்பட்டன. ஒரு குடும்பத்தில் யார் பேச்சுக்கு எடை அதிகம் என்பது செலவுக் கணக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நாட்டுக்கும் அதேதான்.

கணக்குத் தயாரானதும் டில்லி நார்த் பிளாக் கட்டடத்தில் பெரிய இரும்புச் சட்டியில் அல்வா கிளறுவார்கள். நிதியமைச்சரே கரண்டி பிடிப்பார்! அதன் பிறகு, பட்ஜெட் வேலையில் இருக்கும் ஊழியர்கள் வீட்டுக்குப் போக முடியாது. அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். எதற்கு இவ்வளவு ரகசியம்? வரி ஏறப் போகும் சரக்கு எது என்று முன்கூட்டியே தெரிந்தால் வியாபாரிகள் பதுக்கி விடுவார்களே! 1950இல் ராஷ்டிரபதி பவனில் அச்சாகும்போது பட்ஜெட் கசிந்துவிட்டது. அதனால் அச்சு வேலையை மின்டோ சாலைக்கு மாற்றினார்கள். 1980 முதல் நார்த் பிளாக்கின் அடித்தளத்தில் அச்சடித்தார்கள். 2021இல் காகிதமில்லாத பட்ஜெட்டும் வந்துவிட்டது.

பிப்ரவரி முதல் தேதி என்பதும் 2017இல் வந்த வழக்கம்தான். அதற்கு முன்னால் பிப்ரவரி மாதக் கடைசியில் படிப்பார்கள். 1998 வரைக்கும் சாயங்காலம் 5 மணிக்குத்தான் பட்ஜெட். அன்றைக்கு மத்தியானமே என் அம்மா தீப்பெட்டி டஜன் ஒன்று வாங்கி அலமாரியில் வைத்துவிடுவாள். ரேடியோவில் தீப்பெட்டி விலை ஏறவில்லை என்று செய்தி வந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட!

பேச்சு முடிந்த பிறகு என்ன நடக்கிறது? இரண்டு சபைகளிலும் பொது விவாதம் நடக்கும். பிறகு சில வாரம் சபைக்கு விடுமுறை. விடுமுறை எம்.பி.க்களுக்கு அல்ல. 24 நிலைக்குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு சபைகளையும் சேர்ந்த, பல கட்சிகளையும் சேர்ந்த 31 பேர் வரை. அவர்கள் அதிகாரிகளைக் கூப்பிட்டு வைத்து, இலாகா வாரியாகக் கோரிக்கைகளைக் குடைந்து குடைந்து கேட்பார்கள். டி.வி. காமிரா அங்கே போகாது. அதனாலேயே அங்கே கொஞ்சம் நல்ல பேச்சு நடக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

அப்புறம் லோக்சபாவில் ஒவ்வொரு கோரிக்கையாக வாக்கெடுப்பு. இங்கே எம்.பி.க்கள் கையில் ஓர் ஆயுதம் உண்டு. அதற்கு 'வெட்டுத் தீர்மானம்' என்று பெயர். ஓர் இலாகாவின் கொள்கையே தவறு என்றால், "இந்தக் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும்" என்று கொடுப்பார்கள். ஏதாவது ஒரு குறிப்பிட்ட குறையைச் சுட்டிக்காட்ட வேண்டுமானால், "100 ரூபாய் குறைக்க வேண்டும்" என்பார்கள். ஆயிரக்கணக்கான கோடியில் 100 ரூபாய் எந்த மூலைக்கு என்கிறீர்களா? என் மாமியார் மளிகைப் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது ஒரே ஒரு ரூபாயை எடுத்து முந்தானையில் முடிந்து கொள்வார். "போன மாசம் பருப்பு வண்டு வெச்சுதே, ஞாபகம் இருக்கட்டும்" என்பார். அந்த ஒரு ரூபாயின் வலி எனக்கல்லவா தெரியும்!

சில செலவுகளுக்கு மட்டும் வாக்கெடுப்பே கிடையாது. கடனுக்கு வட்டி, சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளின் சம்பளம், ஜனாதிபதியின் சம்பளம் போன்றவை அவை. விவாதிக்கலாம், வெட்ட முடியாது. வீட்டு வாடகையைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ராஜ்யசபாவும் விவாதிக்கும். ஆனால் கோரிக்கைகள் மீது அங்கே வாக்கெடுப்பு இல்லை. பண மசோதா போனால் 14 நாளுக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும். யோசனை சொல்லலாம், ஏற்பதும் தள்ளுவதும் லோக்சபாவின் இஷ்டம். ஜனங்கள் நேராக ஓட்டுப் போட்டு அனுப்பிய சபைக்குத்தான் பெட்டிச் சாவி. அந்தச் சபை பட்ஜெட்டைத் தோற்கடித்தால் அரசு ராஜினாமா செய்ய வேண்டியதுதான்.

1999 ஏப்ரல் 17ஆம் தேதி ஒரு சங்கடம் வந்தது. நம்பிக்கை வாக்கெடுப்பில் மத்திய அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. ஆதரவாக 269, எதிராக 270. பட்ஜெட்டோ இன்னும் நிறைவேறவில்லை! சம்பளம், பென்ஷன், ராணுவச் செலவு எல்லாம் என்ன ஆவது? கவிழ்த்தவர்களும் கவிழ்ந்தவர்களும் சேர்ந்து, சபை கலைவதற்குள் பட்ஜெட்டை நிறைவேற்றிக் கொடுத்தார்கள். சண்டை போட்டுக் கொண்டாலும் குழந்தைக்குச் சோறு ஊட்டாமல் இருக்க முடியுமா?

ஆனால் ஒரு விஷயம் என் மனத்தை உறுத்துகிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், ஆரம்பத்தில் சொல்வதாகச் சொன்னேனே, என் கதை.

கல்யாணமாகி ஐந்தாம் வருஷம். வீட்டுக்காரரின் உறவினர் ஒருவர் வந்தார். அடுக்களையிலிருந்த என்னைக் கூப்பிட்டு, "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்றார்கள். அடுப்பில் ரசம் நுரை கட்டிக் கொண்டிருந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக் கொண்டு போட்டேன். என்ன காகிதம் என்று கேட்கவில்லை. கேட்டாலும், "உனக்கெதுக்கு" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அது கடனுக்கு ஜாமீன் பத்திரம். ஒன்றரை வருஷத்தில் அந்த மனிதர் ஊரை விட்டே போய்விட்டார். கடன் எங்கள் தலையில் விழுந்தது. அம்மா போட்ட இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போய், மூன்று வருஷம் கழித்துத்தான் கைக்கு வந்தன. அதில் என் வீட்டுக்காரரின் தப்பும் உண்டு, என் தப்பும் உண்டு. அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஒன்றாம் தேதி ராத்திரி, கணக்கு நோட்டை ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

இப்போது உறுத்தலைச் சொல்கிறேன். நாள் போதாமல் போனால், விவாதிக்காமல் மிஞ்சிய கோரிக்கைகளை எல்லாம் ஒரே மூச்சில் வாக்குக்கு விடும் முறை ஒன்று பார்லிமென்டில் உண்டு. அதற்கு 'கில்லட்டின்' என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் தலையை வெட்டிய யந்திரத்தின் பெயர்தான்! எல்லா இலாகாக்களையும் விவாதிக்க எந்த வருஷமும் நேரம் இருப்பதில்லை. அதனால் வருஷா வருஷம் பெரும்பாலான கோரிக்கைகள் இப்படித்தான் நிறைவேறுகின்றன. 2018 மார்ச் 14ஆம் தேதியோ, சபை முழுக்கக் கூச்சலும் குழப்பமுமாக இருக்க, 24 லட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பட்ஜெட், விவாதமே இல்லாமல் லோக்சபாவில் நிறைவேறிவிட்டது. கூச்சல் போட்டவர்கள் ஒரு பக்கம், அவசரப்பட்டவர்கள் ஒரு பக்கம். அன்றைக்குச் செய்தியைக் கேட்டபோது எனக்கு ரச வாசனையும் ஈரக் கையும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

"சரி அக்கா, சோப்புக்கு பதில் சொல்லலையே?" என்று எதிர் வீட்டுப் பெண் கேட்டாள்.

சொல்கிறேன். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு, சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் போன்றவற்றின் வரி பட்ஜெட்டில் முடிவாவதில்லை. ஜி.எஸ்.டி. கவுன்சில்தான் முடிவு செய்கிறது. அதில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. நான்கில் மூன்று பங்கு ஆதரவு இருந்தால்தான் முடிவு செல்லும். மத்திய அரசும் தனியாகச் செய்ய முடியாது; மாநிலங்கள் மட்டும் சேர்ந்தும் முடியாது.

இங்கேயும் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அத்தாட்சி உண்டு. ஜி.எஸ்.டி. வந்தபோது வளையலுக்கும் குங்குமத்துக்கும் வரி இல்லை. மாதவிலக்கு நாப்கினுக்கு 12 சதவீதம்! பெண்கள் ஊருக்கு ஊர் கேட்டார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள். சபைகளில் பெண் எம்.பி.க்கள் பேசினார்கள். 2018 ஜூலை 21ஆம் தேதி கவுன்சில் அந்த வரியை முழுவதுமாக எடுத்துவிட்டது. வெளியில் சொல்லவே கூச்சப்படும் விஷயம் என்று எல்லோரும் சும்மா இருந்திருந்தால் நடந்திருக்குமா?

பட்ஜெட்டில் சொன்னதும் உடனே நம்மைத் தொடுவது இறக்குமதி வரி. 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். மறுநாளே அது நடைமுறைக்கு வந்தது. நகைக் கடைகளில் நின்ற கூட்டத்தைத்தான் பார்த்தோமே!

"ஆனா உனக்கு இதைவிட முக்கியமானது வேற இருக்கு" என்றேன் அவளிடம். "உன் பெரிய பொண்ணு எங்கே போறா?"

"பால்வாடிக்கு."

"அங்கே கொடுக்கிற சாப்பாட்டிலயும் சத்துமாவிலயும் டில்லிப் பணம் உண்டு. மாநிலப் பணமும் உண்டு."

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியது. 2025-26 பட்ஜெட்டில், அங்கன்வாடிக்கும் போஷண் ஊட்டச்சத்துக்குமான திட்டத்துக்கு 21,960 கோடி ரூபாய் கேட்டிருந்தார்கள். அதே பட்ஜெட்டின் மொத்தச் செலவு 50 லட்சத்து 65 ஆயிரம் கோடி. நூறு ரூபாயில் 43 காசு! இது போதுமா, போதாதா என்று கேட்க, பால்வாடிக்குக் குழந்தையை அனுப்புகிற அம்மாவை விட அதிக உரிமை யாருக்கு இருக்கிறது?

பட்ஜெட்டோடு கூடவே ஒரு சின்னப் பத்திரம் வருகிறது. ஒரு ரூபாய் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். 2025-26 கணக்கில் வரும் ஒரு ரூபாயில் 24 காசு கடன். போகும் ஒரு ரூபாயில் 20 காசு பழைய கடனுக்கு வட்டி. இதைப் படித்தால் எந்த இல்லத்தரசிக்கும் முதலில் தோன்றும் கேள்வி, "வாங்கிய கடன் சொத்தாக நிற்கிறதா, சாப்பிட்டுத் தீர்ந்ததா?" என்பதுதான். பெரிய பொருளாதார மேதைகளும் அதையேதான் கேட்கிறார்கள். 2005-06 முதல், பெண்களுக்கான செலவு எவ்வளவு என்பதைக் காட்டும் தனி அறிக்கை ஒன்றும் பட்ஜெட்டோடு சேர்த்து வைக்கப்படுகிறது.

ஒதுக்கினால் மட்டும் ஆயிற்றா? பெண்களின் பாதுகாப்புக்காக 2013 பட்ஜெட்டில் 1,000 கோடியோடு 'நிர்பயா நிதி' அறிவித்தார்கள். முதல் சில வருஷங்களில் அதில் பெரும்பகுதி செலவாகாமலே கிடந்தது. உண்டியல் நிறைந்திருக்கிறது, பிள்ளைக்கு மருந்து வாங்கவில்லை என்றால் என்ன பிரயோஜனம்? அதனால்தான் வருஷம் முடிந்த பிறகும் ஒரு கேள்வி நேரம் உண்டு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கணக்கைச் சரிபார்த்து அறிக்கை தருவார். அதை பார்லிமென்டின் பொதுக் கணக்குக் குழு விசாரிக்கும். 1967 முதல் அந்தக் குழுவின் தலைவர் எதிர்க்கட்சிக்காரராக இருப்பது வழக்கம். பணம் கொடுத்த மாமியாரே கணக்கும் பார்த்தால் பிரயோஜனமில்லை என்று கண்டுபிடித்தவர் புத்திசாலிதான்!

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26ஆம் தேதி படித்தவர் நம் கோயம்புத்தூர்க்காரர், ஆர்.கே. சண்முகம் செட்டியார். ஏழரை மாதத்துக்கு மொத்தச் செலவு 197 கோடி ரூபாய்! 1970இல் பிரதமர் இந்திரா காந்தியே பட்ஜெட் படித்தார். இந்திய பட்ஜெட் படித்த முதல் பெண்மணி அவர்தான். அடுத்த பெண்மணி வர 49 வருஷம் ஆயிற்று. மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் 2019 ஜூலையில் தோல் பெட்டிக்குப் பதிலாகச் சிவப்புத் துணியில் சுற்றிய கணக்குப் புத்தகத்தோடு வந்தார். அன்று டி.வி.யில் நாங்கள் பார்த்துக் கொண்டிருந்தது அவருடைய எட்டாவது பட்ஜெட். இதை எதிர் வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். "நாட்டுக் கணக்கு உனக்கெதுக்குன்னு அவங்ககிட்ட யாரும் சொல்லலை போலிருக்கு" என்றாள் பளிச்சென்று!

நாம் என்ன செய்யலாம்? நான் செய்வதைச் சொல்கிறேன். பட்ஜெட் நாளில் விலை ஏறியது, இறங்கியது என்ற பட்டியலோடு நிறுத்திக் கொள்வதில்லை. நம் குழந்தையோ நாமோ தினமும் தொடுகிற ஒரு திட்டத்தை எடுத்துக் கொள்கிறேன். போன வருஷம் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, இந்த வருஷம் எவ்வளவு? இந்த மூன்று எண்களையும் நோட்டில் எழுதி வைக்கிறேன். பட்ஜெட் தயாராகும் மாதங்களில் நிதி அமைச்சகம் பொதுமக்களிடம் யோசனை கேட்கிறது. பேரன் உதவியோடு இரண்டு தடவை தமிழிலேயே எழுதி அனுப்பினேன். நம் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதினால் குறைந்தா போய்விடுவோம்? ஓட்டுக் கேட்டு நம் வாசலுக்குத்தானே வந்தார்!

மார்ச் முதல் தேதி எதிர் வீட்டுப் பெண் மறுபடி வந்தாள். கையில் நாற்பது பக்க நோட்டு. கணவனிடம் சம்பளக் கணக்கைக் கேட்டாளாம். முதலில் முறைத்தானாம். பிறகு என்ன நினைத்தானோ, உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னானாம். நோட்டைப் பிரித்துக் காட்டினாள். வாடகை, பால், கேஸ்... கடைசி வரியில், 'கைமாற்று, 6,000'.

"இப்படி ஒரு கடன் இருக்கறதே எனக்குத் தெரியாதுக்கா. அழறதா சிரிக்கறதான்னு தெரியலை. அடுத்த மாசத்துலேர்ந்து மாசம் ஆயிரமா அடைக்கலாம்னு அவங்களே சொன்னாங்க" என்றாள்.

நான் உள்ளே போய் இரண்டு பேருக்கும் காபி கலந்து கொண்டு வந்தேன். மீதிக் கணக்கைச் சேர்ந்து உட்கார்ந்து கூட்டினோம்.

உங்கள் வீட்டு நோட்டின் கடைசி வரியில் என்ன இருக்கிறது, சகோதரிகளே? எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.